அலெக்சாந்திரியாவை ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான எகிப்துப் பயணக் கட்டுரை, கெய்ரோவிலிருந்து ஒரே நாளில் அலெக்சாந்திரியாவின் ஐந்து இடங்களையும் பார்த்துத் திரும்பிவிடலாம் என்கிறது. திரும்பிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப் போய் ஏமாந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வேனில் சென்றோம். கெய்த்பே கோட்டைக்கு அவர்கள் ஒதுக்கியது 20 நிமிடம். மனம் ஆறாமல், இரண்டு நாள் கழித்து நாங்களே காலை ரயிலைப் பிடித்து மறுபடியும் அங்கே போனோம்.

பழைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றான பரோஸ் கலங்கரை விளக்கம் 1303-லும் 1323-லும் வந்த நிலநடுக்கங்களில் சிதைந்துபோக, அது நின்ற இடத்திலேயே 1477-இல் சுல்தான் கெய்த்பே எழுப்பத் தொடங்கிய கோட்டை அது. வெளிறிய சுண்ணாம்புக்கல் சுவருக்கு இடையே சிவந்த கிரானைட் தூண் துண்டுகள் பதிந்திருக்கின்றன. அவை அந்தக் கலங்கரை விளக்கத்தின் கற்கள் என்றே கருதப்படுகிறது. என் மனைவி ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் நின்றார். கையை எடுத்தபோது விரல்களில் உப்புப் படிந்திருந்தது.

கட்டுரையில் நான் தேடிக் கிடைக்காதது மிளகு வழி. யவனர் பொன்னோடு வந்து கறியோடு (மிளகோடு) திரும்பிய சேரநாட்டுத் துறைமுகமான முசிறியை அகநானூற்றின் 149-ஆம் பாடலில் படித்திருக்கிறோம். அதன் மறுமுனை அலெக்சாந்திரியா. முசிறிச் சரக்கு செங்கடல் கரையில் இறங்கி, ஒட்டகங்களின் முதுகில் பாலைவனத்தைக் கடந்து, நைல் கரை ஊரான கோப்டோஸில் படகேறி, நைல் வழியாக இந்நகரை அடைந்து கால் பங்கு வரி செலுத்த வேண்டியிருந்ததை, இன்று வியன்னாவில் உள்ள கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒப்பந்தம் தெரிவிக்கிறது. யானைத் தந்தமும் சடாமாஞ்சில் என்ற நறுமணப் பொருளும் ஏற்றிவந்த ஹெர்மபோலன் என்ற கப்பலின் பெயர்கூட அதில் இருக்கிறது. தமிழ் வாசகருக்கு இதைச் சொல்லாமல் அந்தத் துறைமுகத்தை எப்படி அறிமுகம் செய்வது?

அந்நகரின் பாம்பேயின் தூண், ரோமானியத் தளபதி பாம்பேயின் நினைவாக எழுந்தது என்று கட்டுரை சொல்வதும் பிழை. அது ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனுக்காக நிறுத்தப்பட்டது.

ஒரு நாள்தான் கையில் உண்டு என்பவர்களுக்குக் கோட்டையும், 2002-இல் திறக்கப்பட்ட புதிய நூலகமும், இரண்டுக்கும் நடுவே வளைந்து செல்லும் கடற்கரைச் சாலையும் போதும். அதை நடந்தே பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.