பெட்டியில் போட்ட 7.1ஐ நம்பி ஹெட்போன் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஹெட்போன் வாங்குவது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த குறிப்புகளைப் படித்தேன். பேட்டரி, விலை எல்லாம் சரி. ஆனால் சரவுண்ட் (சத்தம் நம்மைச் சுற்றிலும் இருந்து வருகிற உணர்வு) பற்றி 'உண்டு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். சினிமா ஒலிக்கலவையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஜனங்கள் காசைக் கோட்டைவிடுவது அங்கேதான்.

தியேட்டரில் சுற்றிலும் ஸ்பீக்கர். ஹெட்போனில் காதுக்கு ஒன்றே போதும், நமக்கு இருப்பதும் இரண்டு காதுதானே. இடப்பக்கம் யாராவது கை தட்டினால் அந்தச் சத்தம் வலது காதுக்கு ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவாகத் தாமதித்து, தலை குறுக்கே நிற்பதால் கூர்மை மழுங்கி வந்து சேரும். முன்னாலா பின்னாலா, மேலேயா கீழேயா என்பதை, காது மடலின் மடிப்புகளில் பட்டுச் சத்தம் மாறுவதை வைத்து மூளை பிடித்துவிடும். இத்தனையையும் கணக்குப் போட்டு இரண்டே சேனலில் கொண்டுவருவதுதான் பைனாரல். பெட்டியில் 7.1 (ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என்று அர்த்தம்) என்று போட்டிருப்பதால் மட்டும் இது வந்துவிடாது.

சிக்கல் என்னவென்றால் காது மடல் ஆளுக்கு ஆள் வேறு. சராசரிக் காதுக்குப் போட்ட கணக்கில் ஒருவருக்குப் பின்னால் கேட்பது இன்னொருவருக்கு மண்டைக்குள்ளேயே கேட்கும். அதனால்தான் ஆப்பிள் 2022இல் காதை போன் கேமராவில் படம்பிடித்துக் கணக்கை மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது. தலையைத் திருப்பினாலும் வசனம் திரைப் பக்கமே நிற்கிற ஹெட் டிராக்கிங்கும் பெரிய உதவி.

சத்தத்தைச் சுற்றிலும் தலைக்கு மேலேயும் வைக்க உதவும் ஒலிமுறையான டால்பி அட்மாஸில் மிக்ஸ் செய்யும்போது ஹெட்போனுக்காக ஒவ்வொரு சத்தத்துக்கும் நியர், மிட், ஃபார் என்று தூரம் குறிக்கலாம், பைனாரல் கணக்கே வேண்டாம் என்றால் ஆஃப். மழைக்கு ஃபார் வைத்தால் அழகாக விரியும், அதையே பாடகர் குரலுக்கு வைத்தால் குளியலறையில் பாடுவது மாதிரி ஆகிவிடும், அதனால் குரலை நான் பெரும்பாலும் ஆஃபில்தான் விடுவேன். ஆனால் எல்லா ஆப்பும் இந்தக் குறிப்பை மதிப்பதில்லை, சில தங்கள் சொந்தக் கணக்கையே போடும். அப்புறம், தியேட்டர் மிக்ஸுக்கு வாரக்கணக்கில் நேரம் தருகிறவர்கள் ஹெட்போன் என்று வந்தால் 'அதையே சுருக்கிக் கொடுத்துடுங்க' என்கிறார்கள். போனில் பார்க்கிற ரசிகனும் காசு கொடுத்துத்தானே பார்க்கிறான்?

8D என்று யூடியூபில் சுற்றும் பழைய பாட்டுகளைக் கேட்டால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. பெரும்பாலும் முழுப் பாட்டையும் இடமும் வலமுமாகச் சுழற்றி எதிரொலி சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான். வயலின் ஓரிடம், தபலா ஓரிடம் என்று பார்த்துப் பார்த்து வைத்த ஸ்டீரியோ மொத்தமாகப் பாழ்.

அடுத்த முறை ஹெட்போன் விமர்சனம் எழுதும்போது, ஹெட் டிராக்கிங் எந்தெந்த போனில் வேலை செய்கிறது, சாதாரண ஸ்டீரியோ பாட்டுக்கு சரவுண்டை அணைக்க முடிகிறதா என்று சேர்த்து எழுதுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் வரவேண்டிய வசனம் முன்னால்தான் வருகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். பக்கவாட்டுச் சத்தத்தை எந்த ஹெட்போனும் காட்டிவிடும், நேர் முன்னால் கொண்டுவருவதில்தான் பெரும்பாலானவை தோற்கும்.

இப்படிக்கு,
ஒலிக்கலவைப் பணியாளர்,
சாலிகிராமம், சென்னை