காது கேட்காத பட்டறை

பயிற்சிப் பட்டறை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பதிவேட்டில் ‘சிறு சம்பவம், காயம் இல்லை’ என்று முடித்துவிட்டீர்கள். அந்த வரியில் விடுபட்டதை எழுதுகிறேன்.

நான் 22 ஆண்டுகள் லேத், அதாவது உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம், ஓட்டியவன். கற்றுக்கொடுக்க வந்து ஓராண்டு ஆகவில்லை. வெட்டும் டூலின் முனை மழுங்கினாலும் கடையப்படும் துண்டான ஜாப் அதிர்ந்தாலும் எனக்கு முதலில் சொல்வது காதுதான். அந்தக் காதை நம்பியே இந்த வேலைக்கு வந்தேன். இங்கே 12 லேத்துகள் ஒன்றாக இரைகின்றன. ஒவ்வொன்றிலும் இருவராக 24 பழகுநர்கள். பயிற்றுநர் நான் ஒருவன். இந்த இரைச்சலில் எது முனகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்று மூன்றாம் லேத்தில் ஒரு பெண்ணுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைந்த சூட்டோடு அளந்திருந்தாள். 100 மில்லிமீட்டர் எஃகுத் தண்டு பத்து டிகிரி கூடுதலாகச் சூடேறினால் நூறில் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக நீளும். ஆறவிட்டு அள என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. சரி, இரண்டு முறையும் அளந்து பார்க்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். கற்றுக்கொடுப்பது என்றால் அப்படி நிற்பதுதானே?

அந்த நேரத்தில் ஒன்பதாம் லேத்தில் ஒரு பையன், ஜாபைப் பிடித்துச் சுழலும் பிடிப்பானான ‘சக்’கைச் சாவியால் இறுக்கிவிட்டு, அந்தச் சாவியை அதிலேயே விட்டுவிட்டு, ஓட்டும் நெம்புகோலில் கை வைத்திருக்கிறான். ஜோடிப் பையன் கத்தினான், கை நின்றது. சக் சுழன்றிருந்தால் அந்த இரும்புச் சாவி யார் முகத்துக்குப் பறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கத்தல் கேட்ட பிறகுதான் நான் திரும்பினேன். சாவியை நான் உருவியபோது அதன் கைப்பிடியில் அவனுடைய வியர்வை ஈரம் இன்னும் காயவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: இயந்திரத்தில் நிற்கும் எட்டுப் பேருக்கு ஒரு பயிற்றுநர். இதை மூன்று முறை எழுத்தில் கேட்டேன். மூன்று முறையும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலே வந்தது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, ‘கவனம்’ என்று எழுதிய பலகை ஒன்றும் வந்தது. நன்றி. அழகாகத்தான் இருக்கிறது. விட்டால் தானாகவே வெளியே துள்ளிவிடும் ஸ்பிரிங் வைத்த சக் சாவிகள் பன்னிரண்டு கேட்டிருந்தேன், அவை வரவில்லை.

பாடத்திட்டப் படிவத்துக்கு மட்டும் குறைவே இல்லை. ஏழு பத்திகள், அதில் ஒன்று ‘அளவிடத்தக்க கற்றல் விளைவு’. நூறில் ஒரு மில்லிமீட்டரை அளந்தே வயதானவனிடம் அளவிடத்தக்கது எது என்று கேட்கிறீர்கள். எழுதுகிறேன்: 24 பழகுநர்கள், 240 விரல்கள். பயிற்சி முடிந்து போகும்போதும் அதே 240.

கோபத்தில் கொஞ்சம் எல்லை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஆள் பற்றாக்குறை, மேலிடத்து நெருக்கடி எல்லாம் இருக்கும். ஆனாலும் எட்டுக்கு ஒருவர் என்பதில் என்னால் இறங்கிவர முடியாது.

திங்கட்கிழமை முதல் நான்கு லேத்துகளை மட்டுமே இயக்குவேன். எட்டுப் பேர் மட்டுமே நிற்பார்கள். மற்ற பதினாறு பேருக்கு வரைபட வகுப்பறையைத் திறந்து, அங்கே ஒருவரை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மீதி எட்டு லேத்துகளின் மின் இணைப்புப் பெட்டிச் சாவி என்னிடம் இருக்கிறது. கூடுதல் பயிற்றுநர்கள் வரும் நாளில் அவர்களிடம் ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
லேத் பிரிவுப் பயிற்றுநர்