லி தோங் கழிந்து ஒன்பதாம் நாள்

ஈப்போ
16.11.2025

அன்புள்ள பாப்பா,

சீனர்களின் குளிர்காலம் பிறக்கும் லி தோங் அன்று, 7ஆம் தேதி, நீ பெய்ஜிங்கிலிருந்து அனுப்பிய படம் கிடைத்தது. இன்று 16. நடுவில் ஒரு வார்த்தை இல்லை. வேலை இருக்கும், தெரியும். ஃபோன் பண்ணித் தொந்தரவு செய்ய வேண்டாமென்றுதான் எழுதுகிறேன். தம்பி இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவான். படிக்க மாட்டான், என் கையெழுத்து அவனுக்குப் புரியாது.

ஜியாவ்சி, அந்தச் சீனக் கொழுக்கட்டை, அழகாக வந்திருக்கிறது. போன வருஷம் அங்கே வந்திருந்தபோது நான் செய்தது கொதிநீரில் விழுந்ததும் வாயைத் திறந்துகொண்டதே, அப்படி ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் எத்தனை மடிப்பு! நீ கொழுக்கட்டைக்கே ஓரம் கிள்ள மாட்டாய், விரலால் அழுத்திவிட்டுப் போய்விடுவாய். சரி, பழகியிருப்பாய். கறுப்பு வினிகர், பூண்டு எல்லாம் வைத்திருக்கிறாய். கிண்ணம் இரண்டு இருந்தது. அழகான கிண்ணம்.

காதை மூடிக்கொண்டு போகிறாயா? உன் வீட்டுக்காரம்மா சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது: லி தோங் அன்று ஜியாவ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுக்காவிட்டால் காது உறைந்து விழுந்துவிடும், கேட்க ஆளில்லை. அந்தப் பழைய காலத்து வைத்தியர் சாங் சோங்ஜிங் கதையையும் அன்றுதான் சொன்னார். ஊர் திரும்பியவர், ஏழைகளின் காது குளிரில் வெடித்திருப்பதைப் பார்த்து, ஆட்டிறைச்சியையும் மருந்துச் சரக்கையும் மாவில் பொதிந்து காது மாதிரியே பிடித்து வேகவைத்துக் கொடுத்தாராம். கதைதான். ஆனாலும் காதை மூடு. நீ சின்ன வயதிலிருந்தே காதில் துணி பட்டால் பிடுங்கிப் போடுகிறவள்.

நேற்றோடு வீட்டைச் சூடாக்கும் குழாயில் சூடு விட்டிருப்பார்கள். பெய்ஜிங்கில் நவம்பர் 15 கணக்கு என்று நீதான் சொன்னாய். அதற்கு முந்தைய வாரம்தான் கொடுமை. வீட்டுக்குள்ளேயே இரண்டு காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தமிழ்ப்பள்ளியில் முன்பனி, பின்பனி என்று மனப்பாடம் செய்தேனே தவிர, ஒரு பனியையும் கண்டதில்லை. உன் சமையலறைக் காலண்டரில் அவர்கள் வருஷத்தை இருபத்து நாலாகப் பிரித்து வைத்திருப்பதைப் பார்த்துத்தான் அதெல்லாம் நினைவுக்கு வந்தது. லி தோங் பத்தொன்பதாவது. 22ஆம் தேதி சிறு பனி, டிசம்பர் 7 பெரும் பனி. எழுதி வைத்திருக்கிறேன். அந்தந்தத் தேதியில் உன்னை நினைத்துக்கொள்வேன், நீ ஃபோன் பண்ணாவிட்டாலும்.

முட்டைக்கோஸ்காரனை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. அந்த நீட்டுக் கோஸை மலை மாதிரி குவித்து வைத்திருந்தான். கிழவர்கள் குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்துத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் என் முகத்தைப் பார்த்துக் கடகடவென்று விலை சொல்கிறான், நான் விழிக்கிறேன். அப்பாவின் நிறத்தில் நிற்கிற நீ அவனிடம் பேரம் பேசுகிறாய். அவன் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தானே! பெருமையாக இருந்தது, பாப்பா. அன்று சொல்லவில்லை. அப்பா உன்னைச் சீனப் பள்ளியில் போடலாம் என்றபோது வேண்டாமென்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். முப்பது வயதில் நீ காசு கட்டிப் படித்தாய்.

முள்ளங்கி சாப்பிடு. குளிருக்கு முள்ளங்கி, கோடைக்கு இஞ்சி, வைத்தியர் சீட்டே வேண்டாம் என்பது அங்கத்திப் பழமொழி. முள்ளங்கி சீதளமாயிற்றே என்று எனக்குத் தோன்றும், ஆனால் அவர்கள் குளிர் அவர்களுக்குத் தெரியும். அந்தச் செம்புச் சட்டியில் ஆட்டிறைச்சியை முக்கி எடுத்து எள் விழுதில் தொட்டுத் தின்றோமே, அது உடம்புக்குச் சூடு. மாதம் ஒரு தடவையாவது போய்ச் சாப்பிடு. தனியாகப் போகாதே, தனியாளுக்கு அந்தச் சட்டி பெரிது.

இங்கே மருந்துக் கடையில் தாங் குய் என்ற சீன மருந்து வேர் வாங்கி வைத்திருக்கிறேன். ஆட்டிறைச்சி, இஞ்சி, தாங் குய் மூன்றையும் போட்டு வைக்கும் சூப் நிஜமாகவே அந்த வைத்தியரின் புத்தகத்தில் உள்ளதாம், கடைக்காரர் சொன்னார். இஞ்சியைத் தாராளமாகப் போட்டு, இறைச்சி எலும்பை விடும்வரை சின்னத் தீயில் வை. கர்ப்பமாக இருப்பவர்கள் தாங் குய் சாப்பிடக் கூடாது என்றும் சொன்னார். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

தீபாவளிக்கு நீ வரவில்லை. போன வருஷமும் வரவில்லை, அப்போது நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. பெரியம்மா கேட்டாள், விமானக் கட்டணம் அதிகம் என்று சொல்லி வைத்தேன். காதை மூடிக்கொள்.

அன்று மெட்ரோவில் லிஜி என்ற பழைய நூலிலிருந்து ஒரு பகுதியை எனக்குத் தமிழில் சொன்னாய். லி தோங் அன்று ராஜா மந்திரிகளைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு வடக்கே போய்க் குளிர்காலத்தை வரவேற்பாராம். திரும்பி வந்ததும் நாட்டுக்காகச் செத்தவர்களுக்கு மரியாதை செய்து, விதவைகளையும் அனாதைகளையும் கவனிப்பாராம். அனாதை என்றதும் நீ என் கையைப் பிடித்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உனக்கு அழுகை என்று தோன்றியிருக்கும். அது அழுகை இல்லை, வெட்கம்.

என்னைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை என்றுதான் உனக்கும் தம்பிக்கும் சொல்லி வளர்த்தேன். அது பொய். அந்த அம்மா வந்துகொண்டுதான் இருந்தாள். வருஷத்துக்கு ஒரு நாள், டிசம்பரில், அவர்களுடைய குளிர்காலப் பண்டிகையான தோங்ஜீ அன்று, சீனர்கள் இருந்த புதுக்கம்பத்திலிருந்து தோட்டம்வரை சைக்கிள் மிதித்து வருவாள். லயத்துக்குப் பின்பக்கம்தான் நிற்பாள். தூக்குச்சட்டியில் இஞ்சிப் பாகு, அதில் மிதக்கும் சிவப்பும் வெள்ளையுமான மாவு உருண்டை. தோங் யூன் என்பார்கள். என்னை வளர்த்த ஆயா அதை வேறு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, சட்டியைக் கழுவி, முறுக்கோ சீனியோ போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். வெறும் சட்டியாகக் கொடுத்ததே இல்லை. இரண்டு பேருக்கும் பொதுவாகப் பத்து மலாய் வார்த்தை இருந்தால் அதிகம். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். உருண்டையைத் தின்பேன். ருசியாக இருக்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் என்னைச் சீனத்தி, சீனத்தி என்று கத்திக் கொன்ற வருஷம். அந்தத் தடவை சட்டியை நானே போய் வாங்கினேன். அவள் முகம் மலர்ந்தது. முதல் தடவையாக என் கை அவள் கைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது. வாங்கி, அவள் பார்க்கப் பார்க்க, அப்படியே கோழிகளுக்குக் கொட்டினேன். ஆயா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெறும் சட்டியை வாங்கி ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு போனாள். அடுத்த வருஷம் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் நான் பின்வாசலில் நின்று பார்த்தேன்.

அதற்காக ஆயா என்னை அடிக்கவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான். அப்பாவுக்குக்கூட இது தெரியாது. உனக்கு எழுத ஆரம்பித்தது முள்ளங்கி பற்றி.

இந்த வருஷம் தோங்ஜீ டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. வடக்கே அதற்கும் ஜியாவ்சிதான், உருண்டை தெற்கத்திப் பழக்கம் என்று நீ சொல்லியிருக்கிறாய். இருக்கட்டும். தம்பியை 18ஆம் தேதிக்கு டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நான் உருண்டை உருட்டுகிறேன். ஜியாவ்சியை அந்த மடிப்பு மடிக்கிறவர்களே மடிக்கட்டும், நான் அதில் கை வைக்க மாட்டேன். உருண்டைக்கான புளுட் மாவு, அந்த ஒட்டும் அரிசி மாவு, அங்கேயே கிடைக்கும் என்பாய். என் கைக்கு இங்குள்ளதுதான் பழக்கம். ஒரு பாக்கெட் நம் இருவருக்குச் சரியாக இருக்கும், மூன்று பேர் என்றால் காணாது. ஒன்று வாங்கட்டுமா, இரண்டு வாங்கட்டுமா, அதை மட்டும் எழுது.

அம்மா