எனக்கு வழி சொன்னவர்களுக்கு நன்றி

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

உங்களில் சிலருக்கு என் பெயர் தெரியாது. எனக்கும் உங்களில் சிலருடைய பெயர் தெரியாது. ஆனாலும் நான் இன்று ஓர் அலுவலகத்தில் கணக்கு உதவியாளராக நிரந்தர வேலையில் இருக்கிறேன் என்றால் அது உங்களால்தான். நேரில் பார்த்துச் சொல்ல முடிந்தவர்களுக்குச் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் கண்ணிலும் படட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

என் நிலைமையைச் சொன்னால்தான் நீங்கள் செய்தது எவ்வளவு பெரிது என்று புரியும். கும்பகோணத்தில் பி.காம். முடித்துவிட்டு, ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான். கல்யாணம் ஆகி சிங்கப்பூர் வந்தேன். பிள்ளைகள், வீடு என்று காலம் ஓடியது, நிரந்தரவாசமும் கிடைத்தது. சின்னவள் தொடக்கப்பள்ளியில் சேர்ந்ததும் வேலை தேட ஆரம்பித்தேன். இந்த ஊரில் என்னோடு படித்தவர்கள் கிடையாது. என்னைத் தெரிந்த பழைய மேலாளரும் கிடையாது. கணவர் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். அவர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லாரும் பாசமானவர்கள், ஆனால் பேருந்து ஓட்டுகிறார்கள், உணவகத்தில் இருக்கிறார்கள், பாதுகாவல் வேலை பார்க்கிறார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற ஒருவர்கூட எங்கள் வட்டத்தில் இல்லை. "உள்ள ஆள் தெரிஞ்சாத்தான் நடக்கும்" என்று விசாரித்த இடத்தில் எல்லாம் சொன்னார்கள்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு உதவியவர்களில் ஒருவர்கூட எந்த முதலாளியிடமும் எனக்காகச் சிபாரிசு செய்யவில்லை. சிபாரிசு செய்யும் இடத்தில் நீங்கள் யாரும் இருக்கவும் இல்லை. நீங்கள் தந்தது விவரம். ஒரு துறைக்குள் இருப்பவர்களுக்கு அது அன்றாடம் பழகிய விஷயம். வெளியே நிற்பவருக்கு அதை யாராவது சொன்னால்தான் உண்டு. அந்த விவரங்களை இங்கே கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். ஈசூனிலும் உட்லண்ட்ஸிலும் பொங்கோலிலும் என்னைப் போன்ற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதல் நன்றி, ஜூரோங் ஈஸ்ட்டில் இருக்கும் இ2ஐ நிலையத்தின் வேலை ஆலோசகருக்கு. வேலை தேடுபவர்களுக்கு உதவ, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 2008இல் தொடங்கிய அமைப்பு அது. தொழிற்சங்க முன்னோடியும் பிற்காலத்தில் இந்நாட்டின் அதிபருமான தேவன் நாயரின் பெயரைத் தாங்கிய கட்டடத்தில் இருக்கிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அங்கே போய் ஆலோசனை கேட்கலாம் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. சகோதரி, நான் கொண்டுவந்த ரெஸ்யூமேயை நீங்கள் பொறுமையாகப் படித்தீர்கள். தகப்பனார் பெயர், திருமணமானவரா, மதம், புகைப்படம் என்று எங்கள் ஊர் வழக்கப்படி எல்லாம் இருந்தது. இங்கே நியாயமான வேலை நியமன வழிகாட்டி நெறிகள் இருக்கின்றன, இவற்றைப் பார்த்து ஆள் எடுக்கக் கூடாது, அதனால் இவை தேவையில்லை என்று எடுக்கச் சொன்னீர்கள். அந்த இடத்தில் "சிங்கப்பூர் நிரந்தரவாசி, உடனே வேலையில் சேர முடியும்" என்று முதல் வரியிலேயே போடச் சொன்னீர்கள். வெளிநாட்டுப் பட்டமும் வெளிநாட்டு அனுபவமும் மட்டும் தெரிந்தால், இவருக்கு வேலை அனுமதி எடுக்க வேண்டுமோ என்று சிறிய நிறுவனங்கள் அடுத்த தாளுக்குப் போய்விடும் என்று காரணமும் சொன்னீர்கள். அந்த ஒரு வரிக்கு அப்புறம்தான் எனக்குத் தொலைபேசி அழைப்புகளே வர ஆரம்பித்தன.

மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலை விளம்பரத் தளத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். ஒவ்வொரு விளம்பரத்திலும் எத்தனை பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று இருக்கும். புதிதாக வந்ததை, கூட்டம் சேரும் முன்பே பார்த்து அனுப்புங்கள் என்றீர்கள். இன்னொன்றும் சொன்னீர்கள்: வெளிநாட்டு நிபுணரை எம்ப்ளாய்மென்ட் பாஸில் எடுக்க நினைக்கும் நிறுவனம் முதலில் அந்தத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்ய வேண்டும், ஆனால் 10 பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அந்த விதி கிடையாது. ஆகவே சின்ன அலுவலகங்களின் வாய்ப்புகள் அங்கே வராமலே போகலாம், அவற்றை வேறு இடத்திலும் தேடுங்கள் என்றீர்கள். இது எனக்குப் பெரிய திறப்பு.

கோயிலில் அன்னதானக் கணக்கு எழுதுகிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தீர்களே, அதையும் மறக்க மாட்டேன். அது தொண்டுதானே என்றேன். கணக்குதானே எழுதுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டு, ரசீது, வரவு செலவு, மாதாந்திர அறிக்கை என்று மூன்று வரியாக ரெஸ்யூமேயில் சேர்த்தீர்கள். வேலைக்குப் போகாத வருடங்களில் நான் செய்தவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று ஒருவர் சொல்லக் கேட்டது அன்றுதான். கோயிலில் அந்தப் பேரேட்டை நம்பி என் கையில் கொடுத்த நிர்வாகத்து ஐயாவுக்கும் இங்கேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்தது, எங்கள் புளோக்கின் ஐந்தாவது மாடி அங்கிள். உங்களைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது. ஓய்வுபெற்ற கணக்காளர் நீங்கள். பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது மின்தூக்கியில் பார்த்துத் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம். ஒருநாள் கீழ்த்தளத்தில் நான் பழைய பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டீர்கள். அப்போது தொடங்கியதுதான் அந்தக் கல் மேசைப் பாடம்.

ஊரில் நான் வேலை பார்த்தது 2017இல் இந்தியாவுக்கு ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரி வருவதற்கு முன்பு. இங்கே 1994இல் 3 விழுக்காட்டில் ஆரம்பித்த ஜிஎஸ்டி 2024இலிருந்து 9 விழுக்காடு. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டினால் நிறுவனம் பதிந்தாக வேண்டும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல், காலாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள். இதையெல்லாம் சொல்வதோடு நீங்கள் நிற்கவில்லை. ஒரு கற்பனைக் கடைக்கு ஒரு காலாண்டு முழுக்க ரசீதுகள் எழுதி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, "இதைத் தாக்கல் பண்ணு" என்றீர்கள். அதில் நாலைந்து கண்ணிகள் வைத்திருந்தீர்கள். காருக்குப் போட்ட பெட்ரோல், ஊழியரின் மருத்துவச் செலவு, சங்க உறுப்பினர் கட்டணம் என்று. பொருள் வாங்கும்போது கட்டிய வரியை எப்போது திரும்பக் கோரலாம், எப்போது கூடாது என்று எனக்கு அந்த டப்பாதான் கற்றுக்கொடுத்தது.

மசே நிதியும், அதாவது ஊழியரும் முதலாளியும் மாதந்தோறும் கட்டும் மத்திய சேம நிதியும் அப்படியே. 55 வயது வரை ஊழியர் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17. அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால் வட்டி. கணக்கில் சேர்க்கும் மாத ஊதியத்தின் உச்சவரம்பு 2023 செப்டம்பரிலிருந்து 6,000 வெள்ளியைத் தாண்டிப் படிப்படியாக ஏறி 2026இல் 8,000 வெள்ளி ஆகிறது. பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பது போல என்னை ஒப்பிக்க வைத்தீர்கள், அங்கிள்.

ஆனால் நீங்கள் தந்ததிலேயே பெரியது காலம் பற்றிய விவரம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கணக்கு அலுவலகங்களுக்கு மூச்சு முட்டும் என்றீர்கள். டிசம்பரில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நிறுவனங்களே ஏராளம். கடைசிக் காலாண்டு ஜிஎஸ்டி ஜனவரிக்குள், ஊழியர்களின் வருமான விவரம் மார்ச் 1க்குள், நிறுவனத்தின் உத்தேச வருமானம் மார்ச் முடிவதற்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குப் போக வேண்டும். அதனால் அந்த மூன்று மாதத்துக்குத் தற்காலிக ஆள் தேடுவார்கள், உள்ளூர் அனுபவம் இல்லை என்று அப்போது அவ்வளவாகத் தயங்க மாட்டார்கள், நவம்பர் கடைசியிலேயே விண்ணப்பிக்க ஆரம்பி என்றீர்கள். எனக்கு நிரந்தர வேலைதான் வேண்டும் என்று அதுவரை தற்காலிக விளம்பரங்களை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. எனக்கு வேலை கிடைத்தது அந்த வாசல் வழியாகத்தான்.

இங்கே உபி வட்டாரத்தில் ஒரு நிறுவனத்தில் என்னை நேர்காணல் செய்த ஐயாவுக்கும் நன்றி. நீங்கள் எனக்கு வேலை தரவில்லை. ஆனால் அடுத்த வாரம் நீங்களே அழைத்து ஏன் என்று சொன்னீர்கள். நிறுவனக் கணக்கை வங்கிக் கணக்கோடு ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் எனக்கு நன்றாக வருகிறது, எக்செலில்தான் வேகம் இல்லை, தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் பழகிக்கொள்ளுங்கள், இரண்டு மாதத்தில் சரியாகிவிடும் என்றீர்கள். பதிலே வராத விண்ணப்பங்களுக்கு நடுவில், இரண்டாவது சுற்று வரை கூப்பிட்டுவிட்டு மூச்சுக் காட்டாத இடங்களுக்கு நடுவில், அந்த ஒரு அழைப்பு எனக்கு எவ்வளவு தெம்பு தந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. வேலை தேடுபவருக்கு மறுப்பு வலிக்கத்தான் செய்யும். காரணம் தெரியாத மறுப்பு அவரைத் தன் மீதே சந்தேகப்பட வைக்கிறது. ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால், ஒரே ஒரு வரி காரணமாவது எழுதி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எக்செல் பழக மானியத்தோடு ஒரு வகுப்பில் சேர்ந்தேன். பயிற்சிக் கட்டணத்துக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் குடிமக்களுக்குத்தான், நிரந்தரவாசிகளுக்குப் பல பாடங்களில் கட்டண மானியம் உண்டு என்ற வேறுபாட்டை எனக்குத் தெளிவாக்கியது வகுப்புக்கு வந்த இன்னொரு தமிழ் அக்கா. தொழிற்சங்க உறுப்பினர் என்றால் மிச்சக் கட்டணத்திலும் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம் என்பதும் அவர் சொன்னதுதான். பயிற்சி எடுக்க நார்த்பாய்ன்ட்டில் இருக்கும் ஈசூன் நூலகத்துக் கணினிகளே எனக்குக் கைகொடுத்தன. அங்கே என்னைப் பார்த்துப் பார்த்துப் பழகி, அச்சு எடுக்கும்போது உதவிய ஊழியருக்கு என் அன்பு.

லிங்க்ட்இனில் முன்பின் தெரியாத எனக்குப் பதில் எழுதிய சகோதரி, நீங்கள் ஒரு கப்பல் போக்குவரத்து நிறுவனத்தின் நிதிப் பிரிவில் இருக்கிறீர்கள் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் கணக்கு உதவியாளர் என்னென்ன செய்வார் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தேன். மதிய உணவு நேரத்தில் என்னை அழைத்து, முதல் நாளிலிருந்து வரிசையாகச் சொன்னீர்கள். நேர்காணலில் உங்களிடம் கேள்வி உண்டா என்று கேட்டால் "இங்கே மாதக் கணக்கு எத்தனையாவது நாளில் முடிகிறது" என்று கேளுங்கள், வேலை தெரிந்தவர் என்று புரிந்துகொள்வார்கள் என்றீர்கள். தற்காலிக வேலைக்கான நேர்காணலில் அப்படியே கேட்டேன். எதிரில் இருந்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உற்சாகமாகப் பேச ஆரம்பித்தார். அப்புறம் அவர் என்னிடம் கேட்டது, நிறுவனக் காரின் பெட்ரோல் ரசீதில் உள்ள ஜிஎஸ்டியைத் திரும்பக் கோரலாமா என்பது! பயணிகள் காருக்கு முடியாது, சரக்கு வேன் என்றால் தொழிலுக்காக இருக்கும் பட்சத்தில் கோரலாம் என்றேன். அங்கிள், உங்கள் பிஸ்கட் டப்பா.

ஒரு வேலை தேடல் பயிலரங்கில் கேட்டது நினைவுக்கு வருகிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், 1970களில் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, பாஸ்டனை ஒட்டிய நியூட்டனில் வேலை மாறியவர்களிடம் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோர், எப்போதாவது சந்திக்கும் ஒருவர் மூலமே அந்தச் செய்தியை அறிந்திருந்தார்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், தள்ளி இருப்பவரிடம்தான் நமக்கு எட்டாத செய்தி இருக்கும் என்பது அவர் தந்த விளக்கம். எங்கள் சொந்தக்காரர்கள் மனம் இருந்தும் உதவ முடியாமல் தவித்ததும், மின்தூக்கியில் தலையசைத்த ஒருவர் வழி காட்டியதும் ஏன் என்று, அதைக் கேட்ட பிறகு எனக்குப் புரிந்தது. அந்தச் சொந்தக்காரர்களுக்கும் என் நன்றியில் குறைவில்லை. நேர்காணல் நாள்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது அவர்கள்தான். மாமியார் ஒரு தடவைகூட "இன்னும் கிடைக்கலையா" என்று கேட்கவில்லை. கணவர் இரவு வேலை முடித்து வந்தும் என்னோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுப் பழக்கினார்.

தற்காலிகமாகச் சேர்ந்த அந்த அலுவலகம் ஏப்ரலில் என்னை நிரந்தரமாக்கியது. என்னைப் போல வேலை தேடும் சகோதரிகளுக்கு: இந்த மடலில் உள்ள விவரங்களை எடுத்துக்கொள்ளுங்கள், தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள். ஈசூன் பக்கத்தில் இருந்து, கோயில் அன்னதானத்தில் என்னைப் பார்ப்பவர்கள் ரெஸ்யூமேயைக் கையோடு கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். ஜனவரி வேலைகளுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் தீபாவளி முடிந்த கையோடு வந்துவிட்டால் நல்லது.

மனமார்ந்த நன்றியுடன்,
ஈசூனிலிருந்து உங்கள் சகோதரி