கிள்ளான் வட்டாரக் கிரிக்கெட் சங்கம்: 2025-ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, மழையிலும் வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

செயலவைக் கூட்டம் ஆறு முறை அழைக்கப்பட்டது. மூன்று முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, சேர்ந்தது. லீக்கில் ஒன்பது ஆட்டங்கள். மூன்றில் வெற்றி, இரண்டை மழை கொண்டுபோனது. தீபாவளி விருந்து சிறப்பாக நடந்தது. அதே மாதம் ஆட்டத்துக்கு எட்டுப் பேர் வந்தார்கள், விருந்துக்கு அறுபது பேர் வந்தார்கள் என்பதையும் குறிப்பில் சேர்க்கிறேன்.

இனி ஆடுகளப் பாய் விவகாரம். “செயலவையைக் கேட்காமல் செயலாளர் பாய் வாங்கிவிட்டார்” என்று புலன (வாட்ஸ்அப்) குழுவில் எழுதியவர்கள் இங்கே இருந்தால் கேட்டுக்கொள்ளட்டும். நம் திடலின் நடுவில் இருப்பது சிமெண்டுத் தளம். அதன்மேல் நார்ப்பாயை விரித்து, ஓரங்களில் முளையடித்து இழுத்துக் கட்டித்தான் ஆடுகிறோம். பழைய பாய், பந்து வழக்கமாகக் குத்தும் இடத்திலேயே உள்ளங்கை அகலத்துக்குப் பிய்ந்திருந்தது. கிழிசலின் விளிம்பில் பட்டால் பந்து முகத்துக்கு எழும். உள்ளே விழுந்தால் கணுக்காலுக்கு உருளும். மார்ச்சில் ஒரு பையனுக்குப் புருவத்தில் நான்கு தையல். அனுமதி கேட்க இரண்டு கூட்டம் கூட்டினேன். ஒன்றுக்கு நானும் பொருளாளரும். மற்றதற்கு நான் மட்டும். அன்று லிவர்பூல் காற்பந்து ஆட்டமாம். அதற்குப் பிறகுதான் ஏற்கெனவே பயன்படுத்திய பாய் ஒன்றை 1,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். பாதி என் கைப்பணம். ரசீது இருக்கிறது.

பாய் பெரியவர்களுக்காக வாங்கியது அல்ல. சனிக்கிழமை காலையில் பயிற்சிக்கு வரும் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக. “இந்த நாட்டில் கிரிக்கெட்டா?” என்று நம் உறுப்பினர்களே கேட்கிறார்கள். மலேசியா 1967 முதல் ஐசிசி என்னும் அனைத்துலகக் கிரிக்கெட் மன்றத்தின் இணை உறுப்பு நாடு. 1997-இல் கோலாலம்பூருக்கு வந்து, உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றான ஐசிசி கோப்பையை வென்ற வங்காளதேசம் 2000-இல் டெஸ்ட் ஆடும் நாடாகிவிட்டது. ஏற்று நடத்திய நாம் ஆடவர் சீனியர் உலகக் கோப்பை எதிலும் இன்றுவரை கால் வைக்கவில்லை. 2008-இல் இந்தியாவின் விராட் கோலி இளையோர் உலகக் கோப்பையைத் தூக்கிய கின்ராரா ஓவல் திடலும் கைவிட்டுப் போனது. ஆனால் 2023 ஜூலையில் இதோ பக்கத்தில், பண்டமாரான் பாயுமாஸ் ஓவல் திடலில், நம் மலேசிய வீரர் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஏழும் போல்டு. ஆடவர் அனைத்துலக டி20-யில் ஏழு விக்கெட் எடுத்த முதல் ஆள் அவர்தான். மறுநாள் மாமாக் உணவுக் கடையில் சொன்னேன். “காற்பந்தா, அண்ணே?” என்றார்கள்.

சென்ற ஜனவரி 21, பள்ளி விடுமுறை. மகளிர் இளையோர் உலகக் கோப்பையில் மலேசியாவும் இந்தியாவும் மோதிய ஆட்டத்தைப் பார்க்கப் பிள்ளைகளை வேனில் அதே பாயுமாஸ் திடலுக்கு அழைத்துப் போனேன். நாம் 31-க்கு ஆல் அவுட். இந்தியாவின் வைஷ்ணவி சர்மா 5 ஓட்டத்துக்கு 5 விக்கெட், அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் என்ற ஹாட்ரிக்கோடு. மூன்று ஓவர் முடிவதற்குள் இந்தியா வென்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நம் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் கையில் இருந்த மைலோவைக் குடிக்காமல், “முப்பத்தொண்ணுதானா அங்கிள்? எனக்குப் பாய் போட்டுக் குடுங்க, நான் அடிக்கிறேன்” என்றாள். அந்த வார்த்தையை நம்பித்தான் 1,800 வெள்ளி போயிற்று. 2028 ஒலிம்பிக் கிரிக்கெட்டில் ஆடவர், மகளிர் பிரிவுகளில் தலா ஆறு அணிகளுக்குத்தான் இடம். நாம் அங்கே போகப்போவதில்லை, கனவு வேண்டாம். ஆனால் இவள் மாநில அணித் தேர்வுக்காவது போகட்டும்.

கணக்கு விவரம் பொருளாளரிடம் உள்ளது. சுருக்கமாக, வந்தது வந்தபடி செலவாயிற்று. திடல் வாடகையும் பந்தும் எதிர்பார்த்ததைவிட அதிகம். கையிருப்பு இருக்கிறது, பெரிதாக இல்லை. பட்டியலில் உள்ள 43 பேரில் சந்தா கட்டியவர்கள் 17. அவர்களில் முதலில் கட்டியவர்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் வங்காளதேச, பாகிஸ்தான் நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமை அணியில் பாதிக்கு மேல் அவர்கள்தான். வேலை பெர்மிட் முடிந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நாம் “அடுத்த மாதம்” என்கிறோம்.

திடல் தந்த மாநகர் மன்றத்துக்கும், வேன் கொடுத்த துணைத் தலைவருக்கும், ஒன்பது மாதமாக வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் ஈரப்பாயைப் பொறுத்துக்கொண்ட என் மனைவிக்கும் நன்றி.

வரும் ஆண்டு செயலாளர் பதவிக்கு இதுவரை யாரும் மனு கொடுக்கவில்லை. உடல்நிலை கருதி விலகலாம் என்றுதான் இருக்கிறேன். கார் நிறுத்துமிடம் அகலமாக உள்ள உறுப்பினர் யாராவது முன்வந்தால் பதவியையும் பாயையும் இன்றே ஒப்படைக்கிறேன். சந்தா பாக்கியுள்ளவர்கள் கவனத்துக்கு: பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசற்கதவருகே உட்கார்ந்திருக்கிறார். பின்கதவு பூட்டியிருக்கிறது.