கையைத் தூக்கியதில் ஒரு திருத்தம்

அன்புள்ள பாப்பா,

பெரு நாட்டுக் காட்டில், மத்ரே தே தியோஸ் ஆற்றங்கரையில், கொசுவலைக்குள் உட்கார்ந்து, தலையில் மாட்டிய டார்ச் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். இங்கே போன் சிக்னல் கிடையாது. குஸ்கோ நகரத்துக்குப் போனதும் தபாலில் போடுகிறேன். நாங்கள் வீடு திரும்பிய பிறகுதான் உன் கைக்கு வந்து சேரும் என்று நினைக்கிறேன். பரவாயில்லை. போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய். இந்த விஷயத்தை நீ நடுவில் பேசாமல் கேட்க வேண்டும்.

கிளம்பும் முன் நீ கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பறவை பார்ப்பீங்க?" பெரு நாட்டில் 1800 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. இந்த மனு தேசியப் பூங்காவில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். 1973-ல் பூங்காவாக அறிவித்தார்கள், 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்துக்கொண்டது. மனு என்றதும் அம்மாவுக்கு கலெக்டர் ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. "யார்கிட்ட கொடுக்கணும்?" என்று கேட்டு அவளே சிரித்துக்கொண்டாள்.

குஸ்கோ 3400 மீட்டர் உயரம். முதல் இரண்டு நாள் அம்மாவுக்குத் தலைவலி, எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. கோகா இலைத் தேநீரைக் குடித்துவிட்டுப் படுத்தே கிடந்தோம். அதை விடு.

மூன்றாம் நாள் விடியுமுன் வண்டி ஏறினோம். எட்டுப் பேர் குழு, கூட வழிகாட்டிப் பெண். பவுகார்தாம்போ ஊரைத் தாண்டி மேலே ஏறும்போது ஒரு மரம் இல்லை, வெறும் மஞ்சள் புல். அக்ஹனாகோ கணவாயில், சுமார் 3500 மீட்டரில், சாலை மலையின் மறுபக்கம் திரும்பியது. அந்த ஒரு வளைவில் உலகம் மாறிவிட்டது, பாப்பா. இந்தப் பக்கம் காய்ந்த புல்வெளி, அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் மேகம், அதற்குள் காடு. அமேசான் சமவெளியிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று இந்தச் சரிவில் ஏறி, குளிர்ந்து, மேகமாகிக் காட்டுக்குள்ளேயே படுத்துக்கொள்கிறது. மழையே பெய்யாத நேரத்திலும் இலை நுனியெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும். பாசி படியாத ஒரு கிளை கிடையாது. அந்தப் பாசி மேல் ஆர்க்கிட், அதன் மேல் இன்னொரு செடி.

அங்கிருந்து கீழே, சுமார் 500 மீட்டரில் இருக்கும் அதலாயா படகுத்துறை வரை ஒரே மண்சாலைதான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். முன்பெல்லாம் ஒரு நாள் இறங்குவதற்கு, மறுநாள் ஏறுவதற்கு என்று முறை வைத்து வண்டி விட்டார்களாம். நாங்கள் பெரும்பாலும் நடந்தோம். வண்டி பின்னாலேயே ஊர்ந்து வரும். நூறு அடி நடப்பதும் நிற்பதுமாக நாளெல்லாம் போய்விடும். சும்மா நிற்பதற்கு இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தோமா என்று முதல் நாள் தோன்றியது உண்மை.

இங்கேதான் என் கதை ஆரம்பிக்கிறது.

மேகம் இறங்கிவிட்டால் இருபதடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பைனாகுலர் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். அப்போது காதுதான் கண். வழிகாட்டி சட்டென்று நின்று விரலை உயர்த்துவாள். குழு முழுக்க உறைந்துபோய் நிற்கும். "அதோ, கேட்கிறதா?" எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். எனக்குக் கேட்டது இலையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும்தான்.

பிறகு கலப்புக் கூட்டம் ஒன்று வந்தது. டனேஜர் என்று ஒரு குடும்பம், ஒவ்வொன்றும் ஒரு பொம்மைக்கடை நிறம். அதில் பல இனங்கள், கூடவே ஈப்பிடிப்பான்கள், மரமேறிகள் என்று முப்பது நாற்பது பறவைகள் ஒரே கும்பலாக மரத்துக்கு மரம் தாவிக்கொண்டு போகும். பல கண்கள் சேர்ந்தால் பருந்தைச் சீக்கிரம் பார்த்துவிடலாம், அதற்குத்தான் இந்தக் கூட்டணி. அரை மணி நேரம் ஒன்றும் இல்லாத காட்டில் ஒரு நிமிடத்தில் எல்லாம் வரும், அடுத்த நிமிடம் எல்லாம் போய்விடும். இவை ஊசி முனை போன்ற மெல்லிய கீச்சொலி எழுப்பிக்கொண்டேதான் நகருமாம். வருவதற்கு முன்பே எல்லோருக்கும் கேட்டுவிட்டது, எல்லோரும் அந்தத் திசையில் பைனாகுலரைத் தூக்கிவிட்டார்கள். நான் மட்டும் எதிர்த் திசையில் ஒரு பெரணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒவ்வொரு இரவும் சாப்பாட்டுக்குப் பின் பட்டியல் வாசிப்பு உண்டு. வழிகாட்டி இனம் இனமாகப் பெயர் படிப்பாள். பார்த்தவர்கள் கை தூக்க வேண்டும். கண்ணில் படாமல் குரல் மட்டும் கேட்டிருந்தால் அதற்குத் தனிக் குறி. அன்று இரவு குரல் மட்டும் கேட்டவை ஒன்பது. ஒன்பதுக்கும் நான் கை தூக்கினேன். பக்கத்தில் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அறுபத்தெட்டு வயதில் பரீட்சையில் காப்பி அடித்த பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நீ இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். டிவி சத்தம், போனில் "என்ன? என்ன?" என்பது, எல்லாவற்றையும் சொல்லிக் காட்டினாய். நீங்கள் எல்லோரும் முணுமுணுக்கிறீர்கள் என்று நான் பதில் சொன்னேன். வயதானால் முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள்தான் என்று நீ படித்துச் சொன்னபோதும், எனக்கு எல்லாம் கேட்கிறது என்றேன். கேட்காத சத்தத்தை, கேட்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும், சொல்?

வைகேச்சா ஆய்வு நிலையத்தின் பக்கம் ஒரு மாலை மேகம் விலகியது. கீழே அடுக்கடுக்காக மலை முகடுகள். வழிகாட்டி சொன்னாள்: இந்தச் சரிவில் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு மாடி உண்டு. சில நூறு மீட்டர் இறங்கினால் அதன் உறவுக்காரப் பறவை அந்த இடத்தைப் பிடித்திருக்கும். இந்தப் பூங்காவை ஒட்டிய பன்தியகோயா மலைமுகட்டில் 1985-ல் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 2017-ல் அதே முகட்டில் மீண்டும் எடுத்தபோது, வெப்பம் கூடியதால் பெரும்பாலான இனங்கள் மேலே நகர்ந்திருந்தன. உச்சியில் இருந்தவற்றுக்கு நகர மேலே இடம் இல்லை. அவற்றில் சில காணாமலே போய்விட்டன. அதைக் கேட்ட பிறகு அன்று வேறு யாரும் அதிகம் பேசவில்லை.

சரி, நல்ல விஷயத்துக்கு வருகிறேன். சான் பெத்ரோ என்ற இடம், 1400 மீட்டர் அளவில். இருட்டோடு எழுப்பி, சாலையோரம் ஒரு மரத்தட்டியின் பின்னால் உட்கார வைத்தார்கள். பெருவின் தேசியப் பறவையைப் பார்க்க. ஸ்பானிய மொழியில் அதற்குப் பாறைகளின் குட்டிச் சேவல் என்று பெயர். கெச்சுவா மொழியில் துங்கி. பொழுது புலரும்போது காட்டுக்குள் பன்றி உறுமுவது போலவும், கதவுக் கீல் கத்துவது போலவும் ஒரு ரகளை. பாப்பா, எனக்குக் கேட்டது! முழுக்கக் கேட்டது. ஆண் பறவைகள் ஒரே இடத்தில் கூடி, குனிந்து, குதித்து, ஒன்றை ஒன்று மிரட்டி ஆடுகின்றன. உடம்பெல்லாம் கொழுந்துவிட்ட ஆரஞ்சு, இறக்கை கறுப்பு, தலையில் அலகையே மறைக்கும் அரைவட்டக் கொண்டை. மங்கிய பழுப்பு நிறப் பெட்டைகள் வந்து பார்த்து, பிடித்தவனைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் தனியாகவே பாறை இடுக்கில் கூடு கட்டி, தனியாகவே குஞ்சு வளர்க்கின்றன. ஆணுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை, மறுநாளும் வந்து ஆடுவதைத் தவிர. "புரியுது" என்றாள் அம்மா.

ஹம்மிங் பறவைகளைப் பற்றி அம்மா உனக்குத் தனியாக எழுதுவாள், அது அவளுடைய பிரிவு. காலில் பஞ்சு சுற்றியது போல் ஒன்று வரும், வேறு இடங்களில் அந்தப் பஞ்சு வெள்ளை, இங்கே பழுப்பு. வால் நுனியில் இரண்டு டென்னிஸ் மட்டை. அவள் காதருகே வந்து நின்றபோது மின்விசிறி மாதிரி இருந்ததாம். இன்னொன்று, வாள் அலகு கொண்டது. வாலைக் கழித்துவிட்டால் உடம்பைவிட அலகு நீளம்.

ஓடையில் காட்டாற்று வாத்து பார்த்தோம். பாறையை உருட்டும் வேகத்தில் தண்ணீர் ஓடுகிறது, அதில் இது எதிர்நீச்சல் போடுகிறது. ஓடை இரைச்சலையும் மீறிக் கேட்பதற்காக அதன் குரல் மிக உச்சமாக இருக்குமாம். இருக்கட்டும். என் கண்ணுக்கு அது போதும்.

அதலாயாவில் படகு ஏறியதும் சட்டையைக் கழற்றி எறியலாம் போல வெக்கை. மழைக்காடு. மேலே எல்லாம் உச்சக் குரல் என்றால் இங்கே எனக்குச் சாதகமான கச்சேரி. அடர்ந்த இலைகளுக்கு நடுவே தாழ்ந்த ஒலிதான் தூரம் போகும், கீச்சொலி வழியிலேயே தேய்ந்துவிடும். அதிகாலையில் சிவப்பு ஊளைக் குரங்குகள் எழுப்பும் சத்தம் புயல் வருவது போல இருக்கும். ஒரோபெண்டோலா என்ற பறவை தூக்கணாங்குருவி போலக் கூட்டைத் தொங்கவிட்டு, குடத்திலிருந்து தண்ணீர் கவிழ்ப்பது மாதிரிக் கூவுகிறது. வழிகாட்டி விரலைத் தூக்கும் முன்பே நான் இரண்டு முறை திரும்பினேன். அம்மா பார்த்தாளா என்று பார்த்துக்கொண்டேன்.

பிளாங்கீயோ என்ற இடத்தில் ஆற்றோரக் களிமண் சுவர். விடியலில் சின்னக் கிளிகள், வெயில் ஏறிய பின் சிவப்பும் பச்சையுமான பெரிய பஞ்சவர்ணக்கிளிகள். மரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் யோசிக்கின்றன. ஒன்று இறங்கினால்தான் மற்றவை இறங்கும். இறங்கி, மண்ணைக் கொத்தித் தின்கின்றன. இங்கே பெய்யும் மழை அட்லாண்டிக் கடலிலிருந்து கிளம்பி வருவது. இவ்வளவு தூரம் வருவதற்குள் அதில் உப்பு மிஞ்சுவதில்லை. செடிகளிலும் சோடியம் குறைவு. அதனால்தான் மண்ணிலிருந்து உப்பு எடுக்கின்றன என்று பலரும் சொல்கிறார்கள். தின்னும் காய்களில் உள்ள நஞ்சை முறிக்கத்தான் மண் என்றும் ஒரு கருத்து உண்டு.

ஆறு தடம் மாறும்போது விட்டுப்போன வளைவுகள் ஏரிகளாக நிற்கின்றன. இரண்டு ஓடங்களைச் சேர்த்துப் பலகை போட்ட தெப்பத்தில் அதில் போனோம். ஒரு ராட்சத நீர்நாய்க் குடும்பம் மீனைக் கடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. கரைப் புதரில் ஹோட்சின். மாடு போல இலையைத் தின்று கழுத்துப் பையில் புளிக்க வைக்கிற பறவை. தொழுவ வாடையும் அப்படியே. அதன் குஞ்சுக்கு இறக்கையில் நகம் உண்டு. ஆபத்து என்றால் தண்ணீரில் குதித்துவிட்டு, அந்த நகத்தால் பிடித்துப் பிடித்து மரத்தில் ஏறிக் கூட்டுக்கு வந்துவிடுமாம்.

இன்று மாலை பாதையில் படை எறும்புகள். தரையே ஊர்வது போல இருந்தது. எறும்புக்குப் பயந்து ஓடும் பூச்சிகளைப் பிடிக்கப் பறவைகள் கூட்டமாகக் காத்திருந்தன. அவை எறும்பைத் தொடுவதில்லை. கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நின்று பார்த்தோம்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. காட்டுக்குள்ளிருந்து ஒரு நீண்ட விசில், நடுங்கி நடுங்கி, யாரோ புல்லாங்குழலில் தாழ்ந்த ஸ்வரத்தைப் பிடிப்பது போல. நான்தான் முதலில் நின்றேன். பெரிய தினமு என்றாள் வழிகாட்டி. தரையில் நடக்கும் கோழி போன்ற பறவை, கண்ணில் படுவது அபூர்வம். அந்த ஒரு குரலுக்காகப் பத்து நிமிடம் நின்றோம்.

இரவு பட்டியல் வாசித்தாள். தினமுவுக்குக் கை தூக்கினேன். வாசித்து முடித்ததும் அவளிடம் போய், முதல் நாளிலிருந்து நான் கேட்டதாகச் சொன்னவற்றில் இருபத்திரண்டை அடித்துவிடச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. ரப்பரை என்னிடமே கொடுத்தாள்.

அந்தக் காது டாக்டரிடம் அடுத்த மாதம் நாள் வாங்கிவிடு. மிஷின் சின்னதாக, வெளியே தெரியாததாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சரி. அம்மாவிடம் நீ வற்புறுத்தியதாகவே சொல்.

உன்
அப்பா