கோடை விடுமுறையில் எங்கள் பிள்ளைகள் மறந்துபோவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கத்தில் இருக்கிறோம், நானும் வீட்டுக்காரரும் தேயிலை பறிக்கும் வேலைக்குப் போகிறோம். மகனுக்கு 10 வயது, ஆட்டிசம், பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் டம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்து நம் கையில் தர வேண்டும் என்று அவனுடைய சிறப்பாசிரியர் மாதக்கணக்கில் பொறுமையாகப் பழக்கினார். போன வருடம் மார்ச்சில் ஒரு நாள் சாயங்காலம் அவனாகவே எழுந்து வந்து அந்த அட்டையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். தண்ணீர் மொண்டு தரக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

அப்புறம் கோடை விடுமுறை. மழை விழுந்து கொழுந்து வரும் மே மாதத்தில் எங்களுக்கு லீவு போட முடியாது, பாட்டியிடம்தான் அவனை விட்டுவிட்டுப் போனோம். பாட்டிக்குப் பேரன் மேல் உயிர், அவன் கேட்பதற்கு முன்பே டம்ளரை நீட்டிவிடுவார். ஜூனில் பள்ளி திறந்தபோது அட்டை கையில் இருக்க, அதை என்ன செய்வதென்று தெரியாமல் குடத்தின் பக்கத்தில் நின்று அழுதான். பழையபடி வர ஆகஸ்ட் ஆகிவிட்டது.

மற்ற பிள்ளைகள் மறந்த வாய்ப்பாட்டைப் பத்து நாளில் பிடித்துக்கொள்வார்கள், இவர்களால் அது முடியாது. கை கால் இறுக்கம் உள்ள குழந்தைக்கு இயன்முறைப் பயிற்சி இரண்டு மாதம் நின்றால் இறுக்கம் கூடிவிடுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் யாராக இருந்தாலும் வருடத்துக்கு 180 நாள் படிப்புதான் என்றிருந்த விதி இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் செல்லாது என்று 1979-லேயே கோர்ட் சொல்லிவிட்டது, இன்று அந்த நாடு முழுக்க, தேவைப்படும் குழந்தைக்கு விடுமுறையிலும் இலவசமாகச் சொல்லித்தர வேண்டும் என்பது சட்டம். நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது, கோடையைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

நம் பிள்ளைகளுக்கும் கோடையில் வகுப்பும் பயிற்சியும் வேண்டும். சரி, அதற்குப் பணத்துக்கு எங்கே போவது? சுற்றுலா வருகிறவர்கள் அறை வாடகையோடு கட்டும் ஜிஎஸ்டி மத்திய, மாநில அரசுகளுக்குப் போகிறது, ஆனால் மலையேறும் வெளியூர் வண்டிகளிடம் சோதனைச்சாவடியில் வாங்கும் பசுமை வரி இந்த மலைக்காகவே வாங்குவது. அதில் கை வைக்கச் சொல்லவில்லை, மலை சுத்தமாக இருக்க அது வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் வண்டிக்கு 10 ரூபாய் சேர்த்து வாங்குங்கள் என்றுதான் கேட்கிறேன். 2025 சீசனில் நீலகிரிக்கு இ-பாஸ் வரம்பு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. அதில் பாதி வந்தாலே ஒரு நாளைக்கு 30,000 ரூபாய். மலர்க் காட்சி பார்க்கக் குழந்தைகளோடு வருகிற குடும்பங்களுக்கு இது ஒரு டீக் காசு, தருவதற்கு வருத்தப்பட மாட்டார்கள்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று நான்கு ஒன்றியம். ஒவ்வொன்றிலும் மே மாதம் பூட்டிக் கிடக்கும் ஒரு பள்ளி வகுப்பறை போதும், வாரம் மூன்று நாள், அரை நாள். தொகுப்பூதியத்தில் இருக்கும் சிறப்பாசிரியர்களுக்கும் இயன்முறை சிகிச்சையாளர்களுக்கும் அந்த நாட்களுக்குத் தனியாகச் சம்பளம் தர வேண்டும், சும்மா வரச் சொல்லக் கூடாது. முக்கியமாக வண்டி வேண்டும். சீசனில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளை எங்கள் வழியாகத் திருப்பிவிடுவதால் ரோடு முழுக்க நெரிசல், சத்தம் தாங்காத பிள்ளையை பஸ்ஸில் காதைப் பொத்தி ஒரு மணி நேரம் உட்கார வைத்திருக்கிறேன், இன்னொரு முறை என்னால் முடியாது. ஹட்டி என்கிற படுகர் ஊர்களுக்கும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுக்கும் ஜீப் வந்து கூட்டிப்போனால்தான் எங்களைப் போன்றவர்கள் அனுப்புவோம். பழங்குடி கிராமங்களுக்கு ஆசிரியரே அந்த ஜீப்பில் போய்விடலாம்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளன்று இதை மனுவாகக் கொடுக்கப்போகிறேன். இதைப் படிக்கும் பெற்றோர் யாராவது இருந்தால் நீங்களும் வாருங்கள், பிள்ளையின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல் ஒன்று கையோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கோத்தகிரி.